ஃபோர்டு மாடல் டி, ஃபோர்டு மஸ்டாங்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 1965 மஸ்டாங் ஓட்டிப் பழகியவன் நான். 1915 மாடல் டி ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கிய அன்றே ஓட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். இதில் பழைய பழக்கம்தான் ஆபத்து. மூன்று பெடல்கள் உண்டு, ஆனால் ஒன்றுகூட ஆக்ஸிலரேட்டர் இல்லை. இடது பெடலை முழுக்க மிதித்தால் லோ கியர், பாதி மிதித்தால் நியூட்ரல், காலை எடுத்தால் ஹை கியர். நடுவில் ரிவர்ஸ், வலது ஓரம் பிரேக். ஸ்டீயரிங்குக்குக் கீழே வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் லீவர்தான் ஆக்ஸிலரேட்டர். அவசரத்தில் கிளட்ச் என்று நினைத்து இடது காலை அழுத்தினால் வண்டி நிற்காது, லோ கியரில் முன்னே பாயும். ஹேண்ட்பிரேக்கை முழுக்கப் பின்னால் இழுத்தால் நியூட்ரலும் விழும், பின்சக்கரமும் பிடிக்கும். காலிமைதானத்தில் முதலில் அதைப் பழகுங்கள்.

கேள்வி: மாடல் டி-யை ஸ்டார்ட் செய்ய முன்னால் உள்ள கிராங்க் கைப்பிடியை அடித்தால் கை முறியும் என்கிறார்களே?

பதில்: முறிந்தவர்கள் உண்டு. ஸ்பார்க் சீக்கிரம் விழுந்தால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். அதனால் ஸ்பார்க் தாமதமாக விழும்படி, ஸ்டீயரிங்குக்குக் கீழே இடப்பக்கம் உள்ள ஸ்பார்க் லீவரை முழுக்க மேலே தள்ளிவிடுங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இக்னிஷனை அணைத்து, ரேடியேட்டர் பக்கத்துச் சோக் கம்பியை இழுத்தபடி இரண்டு முறை கிராங்கைத் தூக்குங்கள். பிறகு இக்னிஷனைப் போட்டு, இடது கையால் கீழிருந்து மேலே ஒரே வெட்டு. கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும், பிடியைச் சுற்றக் கூடாது. கீழ்நோக்கி அழுத்தவே கூடாது. குளிரில் ஆயில் இறுகி கிளட்ச் ஒட்டிக்கொள்ளும். வண்டி உங்கள் மேலேயே ஊர்ந்து வரும். அப்படியான நாளில் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு அடிப்பார்கள்.

கேள்வி: மழை பெய்தால் மஸ்டாங்கின் முன்கார்ப்பெட் நனைகிறது. கண்ணாடி ரப்பரை மாற்றியும் பயனில்லை.

பதில்: கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுத் துளைகளின் அடியில் இருக்கும் கௌல் என்ற தகட்டுப் பெட்டி துருப்பிடித்திருக்கும். இலைச்சருகு தேங்கி ஈரம் காயாததால் வருவது. ஒரு குடம் தண்ணீரை அந்தத் துளைகளில் ஊற்றி, டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், ஒழுகும் இடம் தெரியும். பசை பூசுவது தற்காலிகம். ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்து மேல்தகட்டைக் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும். வாங்கும் முன்பே இதைச் சோதிப்பது லாபம். ஃப்ளோர் தகடும் கூடவே அரித்திருக்கும்.

கேள்வி: இரண்டில் எதன் பிரேக்கை நம்பலாம்?

பதில்: இரண்டையும் அப்படியே நம்ப முடியாது. மாடல் டி-யில் பெடல் பிரேக் கியர்பெட்டிக்குள் பிடிக்கிறது. பின் ஆக்ஸிலில் உள்ள பேபிட் என்ற மென்மையான உலோகக் கலவை வாஷர் நொறுங்கிப் பற்சக்கரம் விலகினால் அந்தப் பிரேக்கும் போச்சு. வெண்கல வாஷருக்கு மாற்றி, பின்சக்கரங்களுக்குத் தனி பிரேக் பொருத்துவது நல்லது. 1965 மஸ்டாங்கில், பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் காலி. 1967-இல்தான் இரட்டை அறை வந்தது. அந்த மாற்றத்தைத் தாராளமாகச் செய்யலாம்.

கேள்வி: ஈயம் கலக்காத பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

பதில்: மாடல் டி-க்குக் கவலையே இல்லை. ஈயப் பெட்ரோல் 1923-இல்தான் விற்பனைக்கு வந்தது, இந்த மாடல் 1908-லேயே ஓடியது. மஸ்டாங்கின் 289 கன அங்குல வி8 இன்ஜினில், ஈயத்தின் பாதுகாப்பு இல்லாமல் நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேயும். வேறு வேலைக்கு இன்ஜின் ஹெட்டைக் கழற்றும்போது கடினச் சீட் போட்டுக்கொள்ளுங்கள். அதற்காக மட்டும் கழற்ற வேண்டாம்.