சராசரி 5.6, வெறும் வயிற்றில் 170: எதை நம்புவது?
வெறும் வயிற்றில் சர்க்கரை 170, மூன்று மாத சராசரி (HbA1c) 5.6 மட்டுமே, அப்பாவின் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள் அண்ணா. லேபைத் திட்டும் முன், ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்சைம் பார்த்தார்களா? அது குறைந்தால் சிவப்பணு ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைத் தாங்காது; சுமார் 120 நாள் இருக்க வேண்டியது முன்பே உடையும். மூன்று மாத சராசரி என்பது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையின் அளவுதான்; ஒட்டவே நேரமில்லை, அப்புறம் சராசரி எப்படி ஏறும்? சிவப்பணு அரிவாள் போல வளையும் சிக்கிள் செல் நோயிலும் இதே குழப்பம்தான். எப்போதாவது சிறுநீர் கட்டஞ்சாயா (பால் கலக்காத டீ) நிறத்தில் போனதா என்று அப்பாவிடம் கேளுங்கள்; அணுக்கள் உடைந்ததற்கு அது அடையாளமாக இருக்கலாம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு போனாலும் சரி, பொள்ளாச்சி வந்தாலும் சரி, டாக்டரிடம் ஃப்ரக்டோசமைன் டெஸ்ட் கேளுங்கள்; சிவப்பணுவைச் சாராத 2, 3 வாரச் சர்க்கரைக் கணக்கு அது. அதுவரை குளுக்கோமீட்டர்தான். ஒன்று, அணுக்கள் உடைந்த கையோடு ஜி6பிடி எடுத்தால், புது அணுக்களில் என்சைம் அதிகம் என்பதால் நார்மல் என்று ஏமாற்றும். சில வாரம் கழித்து எடுங்கள்.