கணினிக் கேள்வி பதில்: ஆறு வருடத்துக்கொரு தடவை இணையத்தளத்தை இடித்துக் கட்டவேண்டுமா?

எங்கள் உடுபுடவைக் கடைக்கு 2012இல் இணையத்தளம் செய்தோம். 2018இல் ‘இது பழசு’ என்று முழுதாக மாற்றினார்கள். இப்போது மறுபடியும் அதே கதை. நீண்டகாலம் நிற்கும்படி ஒன்றைச் செய்ய முடியாதா?
– வாசகர், வெள்ளவத்தை

தோற்றம் பழசாகத்தான் செய்யும், அதைத் தடுக்க முயல்வது வீண். நிலைக்க வேண்டியவை முகவரியும் உள்ளடக்கமும். 1991இல் வந்த முதல் இணையப் பக்கங்கள் வெறும் எச்டிஎம்எல், அதாவது இணையப் பக்கங்களை எழுதும் அடிப்படைக் குறிமொழி. இன்றைய கைத்தொலைபேசியிலும் அவை திறக்கும். அடோபி நிறுவனத்தின் அசைபட மென்பொருளான பிளாஷில் செய்த பகட்டான முகப்புகளோ, 2020 டிசம்பர் 31உடன் அடோபி ஆதரவை நிறுத்தியதும் ஒரேயடியாகப் போயின. எச்டிஎம்எல் எல்லா உலாவிகளுக்கும் பொதுவான தரம். பிளாஷ் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. ஆகவே புதிதாக எதையாவது சேர்க்கச் சொன்னால், அதைத் தருபவர் நாளை கைவிட்டால் பக்கத்தில் என்ன மிஞ்சும் என்று கேளுங்கள். விலை, அளவு, கடை திறக்கும் நேரம் எதுவும் படத்துக்குள் இருக்க வேண்டாம், எழுத்தாக இருக்கட்டும்.

2012 காலத்துத் தளங்கள் பல படுத்ததற்குக் காரணம், சேர்வரில் தளத்தை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பி. 2015 டிசம்பரில் வந்த அதன் 7ஆம் பதிப்பு, தரவுத்தளத்தை அழைக்கும் பழைய கட்டளைகளை நீக்கிவிட்டது. தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங்காரர் சேர்வரைப் புதுப்பித்ததும் வெள்ளைப் பக்கம்தான். வருடாந்தப் பராமரிப்புக்குச் சிறு தொகை ஒதுக்கினால் இது வராது. ஒதுக்காமல் விட்டுத்தான் முழுத் தளத்துக்கும் காசு கொடுக்கிறோம்.

உங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். தளத்தின் நகலொன்றில், பக்கங்களை வடிவமைக்கும் பிளகினை (கூடுதலாகச் செருகும் மென்பொருளை) நிறுத்திப் பாருங்கள். எழுத்து ஒழுங்காகத் தெரிந்தால் நல்லது. சதுர அடைப்புக்குறிகளுக்குள் குப்பையாக வந்தால், உங்கள் சரக்கு விவரம் அந்தப் பிளகினிடம் அடைமானத்தில் இருக்கிறது.

பக்க முகவரிகளில் ‘பிஎச்பி’ என்ற வாலோ கேள்விக்குறியோ வேண்டாம். கடையின் பெயருக்குப் பிறகு ‘சேலை’, ‘வேட்டி’ என்பதுபோல் இருந்தால் போதும். பின்னால் மென்பொருளை மாற்றினாலும் முகவரி மாறாது. மாற்றியே ஆகவேண்டுமென்றால் பழைய முகவரி ஒவ்வொன்றிலிருந்தும் புதியதற்கு ‘301’ எனும் நிரந்தர வழிமாற்றம் போடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் கூகுளிலும் வட்ஸ்அப்பிலும் கிடக்கும் இணைப்பெல்லாம் செத்துவிடும்.

முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறோம்: டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) யார் பெயரில் இருக்கிறது? செய்து தந்தவரின் பெயரில் என்றால் இன்றே மாற்றுங்கள். பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் மின்னஞ்சலும் நின்றுவிடும், மீட்கும் கடிதம் உங்களுக்கு வந்து சேராது.

எங்கள் ஆலயத்தின் தளம் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. எழுத்துருவை ஏற்றினால் சரியாகுமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பார்வைக்குச் சரியாகும், அவ்வளவுதான். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள்தான் என்பதால் கூகுளில் தமிழில் தேடினால் உங்கள் திருவிழா அறிவித்தல் அகப்படாது. தமிழ் எழுத்துகளுக்குத் தனிக் குறிகள் தரும் பொதுத் தரமான யூனிகோடுக்கு மாற்றுவதுதான் வழி.

முதலில் பிரதி ஒன்றை எடுத்து வையுங்கள். நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் யூனிகோடாக மாற்றும் மென்பொருளில் போடுமுன் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவையும் ‘தமிழாகி’விடும். மாற்றிய பின் கொ, கோ, கௌ வரும் இடங்களைக் கண்ணால் பாருங்கள். பாமினியில் கொம்பும் காலும் எழுத்துக்கு முன்னும் பின்னும் தனித்தனியாகத் தட்டப்பட்டவை, ஒழுங்கு பிசகுவது அங்கேதான். ஸ்ரீயையும் பாருங்கள், ஆலயத் தளத்தில் அது தப்பாக வந்தால் நிர்வாக சபை சும்மா இருக்காது. தரவுத்தளம் யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்8எம்பி4 (utf8mb4) அமைப்பில் இருக்கட்டும். பழைய லத்தீன் அமைப்பில் சேமித்தால் தமிழ் முழுதும் கேள்விக்குறியாகும். வரி உயரம் எழுத்தளவின் 1.6 மடங்காக வையுங்கள். எழுத்திடைவெளியைக் கூட்ட வேண்டாம், கொம்பு தனியே விலகி நிற்கும்.

பேஸ்புக் பக்கம் இருக்கும்போது தளம் எதற்கு?
– வாசகர், தெஹிவளை

கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. அதில் மட்டும் எழுதி, பிரதி எடுத்து வைக்காதவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பேஸ்புக்கில் ஆட்களைப் பிடியுங்கள். விலைப்பட்டியலையும் முகவரியையும் சொந்தத் தளத்தில் வைத்து, பேஸ்புக்கிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுங்கள். ஒரு பக்கத் தளம் என்றாலும் போதும்.