அலுமினியமா பிளாஸ்டிக்கா? முதலில் விசிறியின் ஆட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: ரிமோட்டில் பறக்கும் 50 சைஸ் நைட்ரோ (மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும்) மாடல் ஹெலிகாப்டர் வைத்திருக்கிறேன். கொஞ்ச நேரம் பறந்தாலே இன்ஜின் கொதிக்கிறது, டேங்கில் எண்ணெய் (எரிபொருள்) நுரைக்கிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் பிளாஸ்டிக் விசிறியை எடுத்துவிட்டு அலுமினியம் போடலாமா?
– ஒரு வாசகர், பிறை, பினாங்கு

பதில்: தம்பி, அவசரப்பட்டுக் காசைக் கொட்ட வேண்டாம். கொதிப்பு வேறு, நுரை வேறு என்று நினைக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கோளாறாகத்தான் படுகிறது. விசிறி கோணலாகச் சுற்றினால் ஹெலி முழுக்க அதிரும், அதிர்ந்தால் எண்ணெய் நுரைக்கும், நுரையோடு காற்றும் கார்புரேட்டருக்குள் போகும், எண்ணெய் போதாமல் லீனாக ஓடும் இன்ஜின் கொதிக்காமல் என்ன செய்யும்? நானே இரண்டு ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டரில் எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியைத் திருகித் திருகி வீணாக்கியவன்தான், கடைசியில் பார்த்தால் விசிறி.

அதனால் முதலில் ஒரு டயல் கேஜ் (மயிரிழை ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் அளவுக் கருவி) தேடுங்கள், தெரிந்த லேத் பட்டறை இருந்தால் அங்கேயே கேட்கலாம். இன்ஜினை விசிறியோடு வெளியே எடுத்து, துணி சுற்றி வைஸில் பிடியுங்கள். க்ளோ பிளக்கை (இன்ஜினில் எண்ணெயைப் பற்றவைப்பது) கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் கம்ப்ரெஷனில் முள் துள்ளும். கேஜ் முனையை விசிறியின் நடுவே கடைந்த வழவழப்பான பகுதியில் வைத்து, கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று. முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் கழற்றி, இன்ஜின் ஷாஃப்டையும் விசிறித் துளையையும் துடைத்து (திருகு கழலாமலிருக்கப் போடும் லாக்டைட் பசை காய்ந்த துணுக்கு ஒன்று போதும், எல்லாம் கோணிவிடும்), கால் சுற்று தள்ளி மாட்டி மறுபடி அளங்கள். நான் 0.03க்குள் வராமல் விடுவதில்லை. நாலு பக்கமும் தள்ளிப் பார்த்தும் குறையவில்லையா, விசிறியே இல்லாமல் வெறும் ஷாஃப்டை அளங்கள்; அதுவே ஆடினால் எப்போதோ விழுந்ததில் வளைந்திருக்கிறது, தங்கத்தில் விசிறி போட்டாலும் பிரயோஜனமில்லை.

ஷாஃப்ட் நேராக இருந்தால் அப்புறம் விசிறி. பறக்கும்போது நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் ஓடும் சாமான் அது, பிளாஸ்டிக்கில் இறக்கைகளின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், மயிரிழை விரிசல் தெரிந்தாலே குப்பையில் போடுங்கள், ஒட்டுகிற வேலை வேண்டாம். அலுமினியம் என்பதற்காகக் காற்று கூடுதலாக வராது, அது இறக்கையின் வடிவத்தில் இருக்கிறது. கடைந்து செய்ததால் நேராகச் சுற்றும், வேகத்தில் நெளியாது, அவ்வளவுதான் லாபம். வாங்கினால் உங்கள் ஹெலியின் விசிறிக் கூட்டுக்கு (விசிறியை மூடியிருக்கும் உறை) பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள். கூட்டுக்கும் சிலிண்டர் தலைக்கும் நடுவே சந்து இருந்தால் காற்று அந்த வழியாகவே தப்பிவிடும், ஸ்பாஞ்ச் டேப் ஒட்டி அடையுங்கள்.

இறங்கியதும் இன்ஜினின் பின்தட்டில் விரல் வையுங்கள், மூன்று நான்கு நொடி தாங்கினால் சரி. சிலிண்டர் தலையைத் தொட்டுவிடாதீர்கள், கொப்புளம்தான். கேஜில் வந்த அளவை எழுதி அனுப்புங்கள், அலுமினியத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.