தூசிக்குத் தூசியே மருந்தா?

கேள்வி: தூசி ஒவ்வாமையால் எனக்கு ஆஸ்துமா. தூசி மைட்டின் (வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ப் பூச்சி) சாரத்தையே ஊசியாகப் போடலாம் என்கிறார் மருத்துவர். வியாதியைக் கொடுப்பதையே உடம்பில் ஏற்றினால் இளைப்பு கூடிவிடாதா?

பதில்: அளவு தப்பினால் கூடும். அதனால்தான் மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரம் 1 அல்லது 2 ஊசியாகப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். உச்ச அளவை எட்டச் சுமார் 3 முதல் 6 மாதம் ஆகும். பிறகு 4 வாரத்துக்கு ஒன்றாக 3 முதல் 5 ஆண்டு தொடர வேண்டும்.

ஒவ்வாமை உள்ளவர் உடலில் மைட்டுக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உருவாகி, மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கிறது. மைட் வந்து தொட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன, மூச்சுக்குழல் சுருங்குகிறது. ஊசியில் அதே பொருள் மூக்கு வழியாக வராமல், தோலுக்கு அடியில், அளந்த அளவில், திரும்பத் திரும்ப வருகிறது. நாளாக ஆக, எதிர்ப்பாற்றலை அடக்கி வைக்கும் டி செல்கள் (ஒரு வகை வெள்ளணு) பெருகுகின்றன. ஐஜிஜி4 என்ற இன்னொரு எதிர்ப்பொருளும் கூடி, மைட் ஐஜிஇயைத் தொடுமுன் குறுக்கே நிற்கிறது. ஐஜிஇயோ முதல் சில மாதங்களில் சற்று ஏறிப் பிறகுதான் மெல்லக் குறையும். ஆகவே நடுவில் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, 'பலனில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள். உச்ச அளவில் ஓராண்டு போட்டும் மாற்றமே இல்லையென்றால், அப்போது மறுபரிசீலனை செய்யலாம்.

கேள்வி: ஊசி தொடங்கியதும் இன்ஹேலரை விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. இது திடீர் இளைப்பை அடக்கும் மருந்து அல்ல. நாளடைவில் இன்ஹேலர் அளவு குறையலாம். குறைப்பது மருத்துவர் வேலை. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத ஒருவருக்கு இந்த ஊசியைத் தொடங்கவே கூடாது. ஊதல் பரிசோதனையில் முதல் நொடியில் வெளியேறும் காற்று, எதிர்பார்க்கும் அளவில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாகத் தள்ளிவைப்பார்கள். இந்த ஊசியால் நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவை கட்டுப்படாத ஆஸ்துமா உள்ளவர்களுக்கே நேர்ந்தவை. எனவே ஊசி நாளில் இளைப்போ காய்ச்சலோ இருந்தால், போடுமுன் சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்தம், இதய நோய்க்குத் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களும் சொல்ல வேண்டும். கடும் ஒவ்வாமையை முறிக்கப் போடும் அட்ரினலின் ஊசி, ஆபத்து நேரத்தில் அவர்களுக்குச் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

கேள்வி: ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: கட்டாயம். கடுமையான எதிர்விளைவுகள் பெரும்பாலும் அந்த 30 நிமிடத்துக்குள்தான் வரும். ஊசி போட்ட இடம் சிவந்து வீங்குவது சாதாரணம். உடம்பெங்கும் தடிப்பு, தொண்டை இறுக்கம், இருமல், தலைசுற்றல் என்றால் உடனே தொடையில் அட்ரினலின் போட வேண்டும். அது இல்லாத இடத்தில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஊசிக்கு முன்னும் பின்னும் 2 மணி நேரம் ஓட்டம், கடும் உடற்பயிற்சி வேண்டாம். ரத்த ஓட்டம் கூடி மருந்து வேகமாகப் பரவும். சில வாரம் தவறவிட்டு வந்தால் பழைய அளவையே கேட்காதீர்கள், குறைத்துத்தான் தொடங்குவார்கள். புது மருந்துக் குப்பி திறக்கும்போதும் சிலர் அளவைக் குறைப்பதுண்டு.

கேள்வி: நாக்கின் அடியில் வைக்கும் மைட் சார மாத்திரை ஊசிக்கு ஈடாகுமா?

பதில்: மைட் ஒவ்வாமைக்கு நல்ல மாற்று. கடும் எதிர்விளைவு ஊசியைவிட அரிது. முதல் மாத்திரை மட்டும் மருத்துவர் முன்னிலையில், அரை மணி கண்காணிப்போடு; பிறகு தினமும் வீட்டிலேயே. வாய் அரிப்பு முதல் சில வாரம் இருந்து அடங்கும். பல் பிடுங்கியிருந்தாலோ வாய்ப்புண் இருந்தாலோ, ஆறும்வரை நிறுத்திவைக்க வேண்டும். விழுங்கும்போது உணவு தொண்டையில் சிக்குவதுபோல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தினமும் மறக்காமல் போடுவதுதான் இதில் சிரமம். மறதிக்காரருக்கு மாதம் ஒரு ஊசியே மேல்.

கேள்வி: தோல் பரிசோதனையில் ஆறு பொருளுக்கு ஒவ்வாமை என்று வந்தது. ஆறுக்கும் ஊசியா?

பதில்: இல்லை. தோலில் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் ஐஜிஇ இருக்கிறது என்றுதான் பொருள். இளைப்பு அதனால்தான் வருகிறது என்பதல்ல. எதன் அருகே போனால் உங்களுக்கு உண்மையில் இளைக்கிறதோ அதற்கு மட்டும் போதும். எல்லாவற்றையும் ஒரே குப்பியில் கலந்தால் ஒவ்வொன்றின் அளவும் நீர்த்துப்போகும். பூஞ்சைச் சாரத்தின் நொதிகள் மகரந்தச் சாரத்தைச் சிதைக்கவும் கூடும். சோதனைக்கு முன் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஒரு வாரம்.