ஈராக் குர்திஸ்தான் தனி நாடா? அங்க யார் ஆட்சி, மக்கள் எப்படி வாழுறாங்க?

தனி நாடு கிடையாதுங்க, ஈராக்குக்குள்ள இருக்குற தன்னாட்சிப் பகுதி. 1991ல அங்க இருக்குற குர்து மக்களோட எழுச்சிக்கு அப்புறம் சதாம் படை பின்வாங்க, 1992ல குர்துகளே தேர்தல் வெச்சு பார்லிமென்ட் அமைச்சாங்க, 2005 அரசியல் சட்டம் அதை அங்கீகரிச்சுது. தலைநகர் எர்பில், தனி பிரதமர், பெஷ்மெர்கான்னு தனிப்படை, எல்லாம் உண்டு.

ஆனா உள்ளுக்குள்ள ரெண்டு கட்சி ராஜ்ஜியம்தான். எர்பில், துஹோக் பக்கம் பர்சானி குடும்பத்தோட கேடிபி, சுலைமானியா பக்கம் தலபானி குடும்பத்தோட பியுகே, 90கள்ல இவங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு செத்தது அவங்க சொந்த ஜனங்கதான். இன்னிக்கும் பெஷ்மெர்காவை முழுசா ஒரே கட்டளைக்குக் கீழ கொண்டு வர முடியல, இதைத்தான் நான் பெரிய குறையா பாக்குறேன்.

சாதாரண ஆளுக்குப் பெரிய தலைவலி சம்பளம். நிறைய குடும்பங்க அரசு சம்பளத்தை நம்பித்தான் ஓடுது, எண்ணெய்த் தகராறுல 2014ல பாக்தாத்ல இருக்குற மத்திய அரசு பட்ஜெட் பணத்தை நிறுத்தினதுல இருந்து மாசக்கணக்குல சம்பளம் இழுபறி, சுலைமானியா வாத்தியாருங்க ஸ்கூலைப் பூட்டிட்டு ஸ்ட்ரைக் பண்ணாங்க. கரன்ட்டும் அப்படித்தான், பல வருஷமா தெருவுக்கு ஒரு பெரிய ஜெனரேட்டர் இருந்துச்சு, அதுல இருந்து வீட்டுக்கு ஒயர் இழுத்து இத்தனை ஆம்பியர்னு மாசக் காசு கட்டினாங்க, ஏசி போடணும்னா அதிகமா ஆம்பியர் வாங்க வேண்டியிருந்துச்சு.

2017 வாக்கெடுப்புல 92 சதவீதத்துக்கு மேல தனி நாடு வேணும்னாங்க, அடுத்த மாசமே பாக்தாத் படை, அதுவரைக்கும் குர்துகள் கையில இருந்த எண்ணெய் நகரமான கிர்குக்கைப் பிடிச்சுருச்சு, அதோட அங்க இருந்து வந்த எண்ணெய் வருமானமும் போச்சு.