1984 பென்ஸ் 300டி: ஒட்டோ கியர் மாறும்போது உதைக்கிறது, கியர்பொக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

இப்போதைக்கு இறக்காதீர்கள். 2இலிருந்து 3க்கு உதைத்து ஏறுகிறது, ஆனால் எந்தக் கியரிலும் வழுக்கவில்லை என்கிறீர்கள். கிளச் தட்டு தேய்ந்திருந்தால் பெரும்பாலும் முதலில் வழுக்கும். டபிள்யூ123 (உங்கள் வண்டியின் மொடல் வரிசை) டீசலில் இப்படி உதைத்தால் நான் முதலில் சந்தேகிப்பது வக்கூம் (பம்ப் காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்) கசிவைத்தான்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சட்டென்று நிற்கிறதா, இரண்டு மூன்று விநாடி இழுத்து நிற்கிறதா? எஞ்சினை நிறுத்துவதற்கும், கதவுகளைப் பூட்டுவதற்கும், கியர்பொக்ஸின் மொடுலேற்றருக்கும் (உள்ளே ஒயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) ஒரே வக்கூம் பம்ப்தான். இழுத்து நின்றால் எங்கோ கசிகிறது. கதவுப் பூட்டுக்குப் போகும் குழாயைக் கழற்றி, பம்ப் பக்கத்து வாயை இறுக அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். உதைப்பு குறைந்தால் கோளாறு கதவுக்குள் கிழிந்த ரப்பரில்தான்.

எக்ஸிலேற்றரை மிதிக்க மிதிக்க மொடுலேற்றருக்குப் போகும் வக்கூம் குறையும், பொக்ஸுக்குள் ஒயில் அழுத்தம் கூடும். கசிவு இருந்தால் மெதுவாகப் போகும்போதும் முழுப் பாரத்துக்குரிய அழுத்தத்தோடு கிளச் பிடிக்கும். அதுதான் அந்த உதை. நம்மூர் வெயிலில் குழாய் முனைகளின் ரப்பர் முழங்கைகள் முதலில் வெடிக்கும். மேலே பார்த்தால் தெரியாது, விரலால் வளைத்தால் வெடிப்பு வாய் திறக்கும். மொடுலேற்றர் முனையிலும் குழாயைக் கழற்றுங்கள். உள்ளே சிவப்பு ஒயில் இருந்தால் அதன் சவ்வு கிழிந்துவிட்டது. கீழே ஒரு சொட்டும் விழாமல் ஒயில் குறைவது இதனால்தான்.

கியர்பொக்ஸ் ஒயில் மட்டத்தை வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டாம். ஒயில் நன்றாகச் சூடாகும்வரை ஓடிவந்து, சமதரையில், 'பி'யில் (பார்க்), எஞ்சின் ஓடும்போதே அளவுகோலை இழுத்துப் பாருங்கள். அளவுகோலை நூல் உதிரும் துணியால் துடைக்கக்கூடாது, அந்த நூல் வால்வில் சிக்கும். இரண்டு கோடுகளுக்கும் இடையில் சுமார் 0.3 லிட்டர்தான், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், கூடினால் நுரைக்கும். ஒயில் பால் தேநீர் நிறமென்றால், அதைக் குளிர்விக்கும் றேடியேற்றருக்குள் தண்ணீர் கலக்கிறது, அதற்குமேல் ஓட்டாதீர்கள். கடற்காற்றில் நிற்கும் வண்டியில் கியர்பொக்ஸிலிருந்து றேடியேற்றருக்கு ஒயில் போகும் கூலர் இரும்புக் குழாய்களைக் கிளிப் பிடிக்கும் இடங்களிலும் துருவுக்காகப் பாருங்கள்.

ஒயில் மாற்றினால் தொட்டியை மட்டும் வடிக்காதீர்கள், பாதிப் பழைய ஒயில் கொன்வேர்ட்டரில் (எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையிலுள்ள ஒயில் நிறைந்த பாகம்) தங்கிவிடும். எஞ்சினின் கிராங்கை 27 மி.மீ. சொக்கெற்றால் திருப்பினால் கொன்வேர்ட்டரின் வடிகால் ஆணி கீழே வரும். வடிகட்டியும் கஸ்கெற்றும் புதிது போடுங்கள். டெக்ஸ்ரோன் 3 வகை ஒயில் பொருந்தும், மொத்தம் சுமார் 6 லிட்டர். முதலில் 4 ஊற்றி எஞ்சினை இயக்கிவிட்டு மிச்சத்தை ஊற்றுங்கள். தொட்டி ஆணிகளுக்கு 8 நியூட்டன் மீட்டர் போதும். அலுமினிய மரை எளிதில் அறுந்துவிடும்.

எல்லாம் சரியாகியும் உதைத்தால் மட்டும் மொடுலேற்றர் மூடிக்குள் உள்ள 'டி' வடிவத் திருகை இழுத்து, இடஞ்சுழியாக ஒரு பல் திருப்பி, ஓட்டிப் பாருங்கள். ஒரே தடவையில் மூன்று நான்கு பல் திருப்பினால் அழுத்தம் மிகக் குறைந்து, நல்ல கிளச்சே வழுக்கி எரியும்.