ஒன்பது ஆறானது எப்படி?

வணக்கம் ஐயா. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள், 2015இல் 7, 2024இல் 6. இந்தியாவில் ஆசனப் பங்கீட்டை 1971 சனத்தொகைக் கணக்கோடு நிறுத்தி வைத்ததால் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இன்றும் 234தான். எங்களுக்கும் அப்படி ஒரு வருடத்தோடு நிறுத்தினால் என்ன?
— ஒரு வாசகர், சுன்னாகம்

அன்புள்ள தம்பி,

பிள்ளைப்பேற்றைக் குறைத்த மாநிலங்கள் அதற்காகவே நட்டப்படக் கூடாது என்றுதான் அங்கே நிறுத்தினார்கள். இங்கே சனத்தொகையை எண்ணுவதில்லை, வாக்காளர் இடாப்பில் உள்ள பெயர்களை எண்ணுகிறார்கள். 2010இல் எங்கள் இடாப்பில் 7 இலட்சத்து 21 ஆயிரம் பேர், 2015இல் 5 இலட்சத்து 29 ஆயிரம். அந்த ஐந்து வருடத்திலா இவ்வளவு சனம் போனது? கனடாவில் பேரப்பிள்ளை கண்டவர்களின் பெயரும் இங்கே கிடந்தது. வெட்டினார்கள், ஆசனமும் போனது. அந்தப் பெயர்களை வைத்து ஆசனம் கேட்க எனக்கு மனமில்லை.

தலையை எண்ணினால் மட்டும் நியாயம் வந்துவிடுமா? சுதந்திரகாலத்து அரசியல் யாப்பான சோல்பரி யாப்பில் 75,000 சனத்துக்கு ஓர் ஆசனம். மலையகத் தமிழரின் வாக்குரிமை பறிபோன பிறகும் அவர்களின் தலைகள் கணக்கில் இருந்தன. அந்த ஆசனங்களுக்கு வாக்களித்தது வேறு ஆட்கள்.

சரி, 2024 கணக்குக்கு வருவோம். நாடு முழுவதும் சுமார் 1 கோடியே 71 இலட்சம் வாக்காளர். வாக்காளர் தொகைப்படி மாவட்டங்களுக்குப் பங்கிடும் ஆசனங்கள் 160; அதால் பிரித்தால் ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 1 இலட்சத்து 7 ஆயிரம். எங்களிடம் 5 இலட்சத்து 93 ஆயிரம்: முழுதாக 5, பாதிக்குச் சற்றுக் கூடிய மிச்சம். வன்னியில் 3 இலட்சத்து 6 ஆயிரம்: முழுதாக 2, மிச்சம் எங்களுடையதைவிடப் பெரிது. மீதி ஆசனங்களைப் பெரிய மிச்சத்துக்கே முதலில் கொடுப்பார்கள். ஆக எங்களுக்கு 5, அவர்களுக்கு 3.

அப்புறம் மாகாணத்துக்கு 4 என்று 36 ஆசனங்கள் தனியாக உண்டு. மேல் மாகாணத்துக்கும் 4, வடக்குக்கும் 4. அதில் வன்னிக்கு 3, எங்களுக்கு 1. பாதி வாக்காளரோடு வன்னியும் 6 பெற்றது இப்படித்தான். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்று விரிந்து கிடக்கும் நிலத்துக்கு அது தகும். யாழ்ப்பாணத்தார் இதில் முணுமுணுப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

வடக்கின் 12 ஆசனங்களில் மூன்றிலொரு பங்கு அந்த நான்குதான். புதிய யாப்பு வரைபு வந்தால் அந்த நான்கு அதில் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். விதானையார் இடாப்புப் படிவம் கொண்டுவரும்போது, பதினெட்டு முடிந்த பிள்ளைகளின் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.